வலிக்கு முந்தைய இரண்டு வாரங்கள்

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முடக்குவாதம் உள்ள ஒரு பெண்ணிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார்கள். வாரந்தோறும் வீட்டிலேயே விரல் நுனியைக் குத்தி, சில சொட்டு ரத்தத்தைச் சிறு குழாயில் பிடித்துத் தபாலில் அனுப்ப வேண்டும். மூட்டு எப்படி இருக்கிறது என்பதையும் உடனுக்குடன் எழுதி வைக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் அவர் அதைச் செய்தார். அதற்குள் பல முறை அவருக்கு மூட்டுகள் வீங்கின, வலி ஏறியது, பிறகு தணிந்தது.

வலி வந்த நாட்களிலிருந்து பின்னோக்கிப் போய் அந்த ரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது ஒரு வரிசை தெரிந்தது. வலி ஏறுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே, எதிர்ப்பொருட்களைச் சுரக்கும் செல்களாக மாறக்கூடிய பி செல்கள் சுறுசுறுப்பாகியிருந்தன. அதன் பின், வலிக்குச் சற்று முன்பு, ரத்தத்தில் அதிகம் காணப்படாத ஒரு வகைச் செல் பெருகியிருந்தது. மூட்டின் உட்சவ்வில் இருக்கும் செல்களின் சாயல் அதற்கு இருந்தது. வீக்கம் தொடங்கியதும் அந்தச் செல்கள் ரத்தத்தில் குறைந்துவிட்டன. அவை மூட்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ‘ப்ரைம் செல்கள்’ என்று அவற்றுக்குப் பெயரிட்டார்கள். வேறு மூன்று நோயாளிகளிடமும் வலி ஏறிய நேரத்தில் இதே குறைவு தென்பட்டது. 2020இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இந்த ஆய்வு வெளியானது.

நான்கு பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். தெருமுனை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் போய் ‘ப்ரைம் செல் பாருங்கள்’ என்று கேட்க முடியாது. ஆனாலும் நோயோடு வாழ்கிறவர்களுக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. “நேத்து நல்லாத்தானே இருந்தே, திடீர்னு என்ன ஆச்சு?” என்ற கேள்வியைக் கேட்காத நோயாளி இல்லை. நேற்று என்ன சாப்பிட்டோம், எங்கே குனிந்தோம், எந்தத் தண்ணீரில் கை வைத்தோம் என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளாத நோயாளியும் இல்லை. இந்த நால்வரிடம் கண்டது பிறருக்கும் பொருந்துமானால், இன்று காலை வீங்கிய மூட்டுக்கு நேற்றைய கத்திரிக்காய்க் குழம்பு பொறுப்பாகாது. நோயின் சீற்றம் அதற்கும் முன்பே கிளம்பிவிட்டது.

வலி வந்த பிறகு ஓடித் திரிவதைவிட, வலி இல்லாத நாட்களில் ஏற்பாடு செய்து வைப்பதுதான் வீட்டில் செய்யும் பராமரிப்பின் பெரும்பகுதி. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

மூட்டுக்குள் நடப்பது

முடக்குவாதம் உலகில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரையோ, சற்றுக் குறைவாகவோ பிடிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் இரண்டு மூன்று மடங்கு அதிகம். வயதானவர்களுக்கு முழங்கால் தேய்ந்து வரும் வலி வேறு, இது வேறு. தேய்மானத்தில் மூட்டின் குருத்தெலும்பு முதலில் கெடுகிறது. முடக்குவாதத்தில் நோய் தொடங்குவது மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வில்.

ஆரோக்கியமான மூட்டில் அந்தச் சவ்வின் மேலடுக்கு ஒன்றிரண்டு செல் கனம்தான், முட்டை ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் தோலைப்போல மெல்லியது. மூட்டு வழுக்கி அசைவதற்கான திரவத்தை அதுதான் சுரக்கிறது. முடக்குவாதத்தில், கிருமிகளோடு போரிட வேண்டிய தடுப்பாற்றல் செல்கள் இந்தச் சவ்வையே எதிரியாக எண்ணி அங்கே குவிகின்றன. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்களைச் சுரந்து மேலும் செல்களை வரவழைக்கின்றன. சவ்வு தடித்து, புதிய ரத்தக் குழாய்கள் முளைத்து, திரவம் ஊறி, மூட்டு சூடாகிறது. அடங்காமல் விட்டால் தடித்த சவ்வு குருத்தெலும்பையும் எலும்பின் ஓரத்தையும் அரிக்கத் தொடங்கும். அரித்த எலும்பு அநேகமாகத் திரும்புவதில்லை. ‘பொறுத்துக்கொண்டால் போகும்’ என்ற அறிவுரை இந்த நோயில் ஆபத்தாவது இதனால்தான். வலியைப் பொறுக்கலாம், அரிப்பு அதற்காகக் காத்திருக்காது.

சோர்வும் இந்தப் புரதங்களின் வேலையே. அவை ரத்தத்தில் கலந்து மூளையையும் எட்டுகின்றன. ஃபுளூ காய்ச்சல் வந்தால் உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடக்குமே, அதே இயக்கம் இங்கே காய்ச்சல் இல்லாமலேயே நடக்கிறது. வீட்டில் மற்றவர்களுக்கு வீங்கிய விரல் தெரியும், சோர்வு தெரியாது. ‘எப்பப் பாரு படுத்தே கிடக்கா’ என்ற சொல் வீக்கத்தைவிட ஆழமாக வலிக்கும். சோர்வு நோயின் அடையாளம், சோம்பலின் அடையாளம் இல்லை என்பதைக் குடும்பம் தெரிந்துகொள்வது முதல் சிகிச்சை.

விடியற்காலை ஏன் மோசம்?

முடக்குவாதக்காரருக்கு நாளின் கொடுமையான நேரம் காலை. விரல்கள் மடங்காது. காபி ஃபில்டரின் மேல் பாத்திரத்தைத் திருகி எடுக்க முடியாது. பால் பாக்கெட்டின் முனையைக் கத்தரிக்கக் கத்தரிக்கோலுக்குள் கட்டைவிரல் நுழையாது. தேய்மான வலியிலும் காலையில் பிடிப்பு இருக்கும், ஆனால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். முடக்குவாதச் சீற்றத்தில் ஒரு மணி நேரம், சில நாட்களில் மதியம்வரைகூட நீளும்.

இதற்குக் காரணம் உடம்பின் கடிகாரம். இன்டர்லூக்கின்-6 நள்ளிரவுக்குப் பின் ஏறி, விடியும் நேரத்தில் உச்சத்தை எட்டுகிறது. வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசால் என்ற நம் சொந்த ஹார்மோனும் விடியலில்தான் ஏறுகிறது. இந்த நோயில் அந்த ஏற்றம் வீக்கத்தின் அளவுக்கு ஈடுகொடுப்பதில்லை. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரவு படுக்கும்போது விழுங்கினால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழித்துக் கரையும்படி செய்த ஸ்டீராய்டு மாத்திரை காலை விறைப்பின் நேரத்தைக் குறைத்தது. மருந்து அதேதான், நேரம் மாறியதில் பலன் கூடியது. ஆனால் அது அதற்கென்று தயாரித்த மாத்திரை. சாதாரண ஸ்டீராய்டு மாத்திரையின் நேரத்தை நாமாக மாற்றக் கூடாது.

வீட்டில் இதை வைத்து ஓர் அளவுகோல் செய்துகொள்ளலாம். எழுந்தது எத்தனை மணிக்கு, விரல்கள் முழுசாக மடங்கியது எத்தனை மணிக்கு என்று காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். இரண்டுக்கும் இடையிலான நிமிடங்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால், வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே சீற்றம் வருவதை அது சொல்லிவிடும்.

இது சீற்றம்தானா?

மூட்டு வலித்தாலே நோய் கிளம்பிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் இரண்டு நாள் ஓடியாடி வேலை செய்த பின் வரும் வலி ஒரு நாள் ஓய்வில் குறையும். சீற்றத்தின் வலி ஓய்வில் குறைவதில்லை. இரவில் எழுப்பும், காலையில் கூடும், ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டைப் பிடிக்கும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும்.

மருத்துவர்கள் நோயின் அளவைக் கணிக்க 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்க்கிறார்கள்: இரண்டு தோள், இரண்டு முழங்கை, இரண்டு மணிக்கட்டு, இரண்டு முழங்கால், இரண்டு கைகளிலும் விரல் தொடங்கும் முட்டிகள் பத்து, அடுத்த கணுக்கள் பத்து. இதை வீட்டிலும் செய்யலாம். நல்ல வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வையுங்கள். விரலை மடக்கும்போது முட்டிகளுக்கு நடுவே பள்ளம் விழும். வீங்கிய இடத்தில் அந்தப் பள்ளம் தூர்ந்து, மேடும் மடுவும் தெரியாமல் ஒரே சமமாக இருக்கும். மற்றொரு கையால் நான்கு முட்டிகளையும் பக்கவாட்டில், கைகுலுக்குவதுபோல் மெல்ல அழுத்திப் பாருங்கள். சாதாரணமாக வலிக்காத அந்த அழுத்தம் சுரீரென்று வலித்தால் உள்ளே சவ்வு வீங்கியிருக்கலாம். தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். தேய்மானத்தில் எலும்பு புடைத்துக் கெட்டியாக இருக்கும். பாதங்கள் அந்த 28இல் சேரவில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். காலையில் தரையில் ஊன்றும் முதல் அடியில் முன்பாதத்துக்கு அடியில் கூழாங்கல் இருப்பதுபோல் உறுத்தினால், அதுவும் கணக்கில் சேரும்.

இதே தோற்றத்தில் வேறு நோய்களும் வரும். சிக்குன்குனியா நம் ஊர்களில் அப்படி ஏமாற்றும்: கடும் காய்ச்சலோடு வந்து, காய்ச்சல் போன பின்பும் பல வாரங்கள் மூட்டுகளை முடக்கிப் போடும். எனவே காய்ச்சலோடு தொடங்கிய மூட்டு வலியை வழக்கமான சீற்றம் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

சீற்றத்தைத் தூண்டிவிடுபவை சில உண்டு. மருந்தைச் சில வாரம் நிறுத்தியது, சளி, சிறுநீர்த்தொற்று போன்ற தொற்றுகள், தூக்கமின்மை, பெரும் மன அழுத்தம், பிரசவம். கர்ப்ப காலத்தில் பலருக்கு இந்த நோய் அடங்கியிருக்கும். பிள்ளை பிறந்து சில வாரங்கள், மாதங்களில் மீண்டும் கிளம்பும். கைக்குழந்தையைத் தூக்க முடியாமல் தாய் தவிப்பதை ‘பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று ஒதுக்கிவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. புகையும் கெடுதி: சிகரெட், பீடி இரண்டும் நோயைத் தூண்டுவதோடு மருந்து வேலை செய்வதையும் குறைக்கின்றன. ஈறு நோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல் துலக்கும்போது ரத்தம் கசிந்தால் பல் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

முதல் மூன்று நாள்

சீற்றம் என்று உறுதியானதும் முதல் வேலை, அன்றாட வேலைகளைப் பாதியாகக் குறைப்பது. முழுவதும் படுத்துவிடச் சொல்லவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மருத்துவர்கள் நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள், மூட்டுக்கு மாவுக்கட்டும் போட்டார்கள். அசையாத தசை வேகமாக மெலியும், மெலிந்த தசை மூட்டைத் தாங்காது என்று தெரிந்த பிறகு அந்த வழக்கம் போனது. இன்றைய முறை இடைவெளிகளோடு ஓய்வு. பத்து நிமிடம் வேலை, பத்து நிமிடம் உட்காருதல். வீங்கிய மூட்டையும் நாளுக்கு ஓரிரு முறை, வலி அனுமதிக்கும் எல்லை வரை, முழு வீச்சில் மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். பளு தூக்கும் பயிற்சிகள் சீற்றம் தணிந்த பின்.

படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் அப்போதைக்கு இதமாக இருக்கும். பல நாள் அப்படியே படுத்தால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும், பிறகு நேராக நீட்ட வராது. காலை நீட்டியே படுங்கள். மணிக்கட்டு வீங்கியிருந்தால் இரவில் பட்டை போட்டுக்கொள்வது நல்லது.

சூடா, குளிர்ச்சியா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். தொட்டால் சுடுகிற, புதிதாக வீங்கிய மூட்டுக்குக் குளிர் ஒத்தடம் இதம் தரும். ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றிப் பத்து முதல் பதினைந்து நிமிடம் வைக்கலாம். ஐஸ் நேராகத் தோலில் படக் கூடாது. சூடு இல்லாமல் விறைத்து மட்டும் இருக்கிற மூட்டுக்கு வெந்நீர் நல்லது. காலையில் எழுந்ததும் கை பொறுக்கும் சூட்டில் வாளித் தண்ணீரில் கைகளை முக்கி, தண்ணீருக்குள்ளேயே விரல்களை மடக்கி நீட்டினால் விறைப்பு சீக்கிரம் விடும். நொச்சி ஒத்தடமோ உப்பு ஒத்தடமோ இந்த அளவில் தவறில்லை. ஆனால் வீங்கிய மூட்டில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதும், ‘சுளுக்கு எடுப்பதும்’ வேண்டவே வேண்டாம். கழுத்து விஷயத்தில் இரட்டைக் கவனம் தேவை. பல ஆண்டுகளாக நோய் உள்ளவர்களுக்குத் தலையைத் தாங்கும் மேல் கழுத்தெலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கலாம். முடி திருத்தும் கடையில் கழுத்தைப் பிடித்துச் சொடக்கெடுக்கும் வழக்கம் அவர்களுடைய தண்டுவடத்துக்கே ஆபத்து.

சமையலறையில் சிறு மூட்டுக்குப் போகும் சுமையைப் பெரிய மூட்டுக்கு மாற்றலாம். குழம்புச் சட்டியை விரல்களால் காதைப் பிடித்துத் தூக்காமல், கனத்த துணியோடு இரு உள்ளங்கைகளாலும் தாங்கித் தூக்குவது. ஈரத் துணியைப் பிழியாமல் குழாயில் சுற்றி இழுப்பது. காய்கறிப் பையை விரல்களில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டுவது. தேங்காய் துருவுவது, சப்பாத்தி மாவு பிசைவது, குக்கர் மூடியைத் திருகுவது ஆகிய மூன்றும் அந்த வாரம் வேறொருவர் வேலை. குந்தி உட்காரும் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில், கடையில் கிடைக்கும் கமோடு நாற்காலி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்தால், முழங்கால் வீங்கும் நாளில் யாரையும் கூப்பிடாமல் சமாளிக்கலாம்.

மாத்திரைப் பெட்டிக்குள்

வீட்டில் நடக்கும் பெரிய தவறுகள் மருந்தில்தான் நடக்கின்றன. அவற்றைத் தவிர்க்க, பெட்டியில் இருக்கும் மூன்று வகை மருந்துகளின் வேலை வேறு வேறு என்பது தெரிய வேண்டும்.

முதல் வகை நோயின் போக்கையே மாற்றுபவை. அவற்றில் முதன்மையானது மெத்தோட்ரெக்சேட். இதன் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் 1920களில் அமெரிக்கா போனார். லெடர்லே ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் உருவாக்கியது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அவை முதலில் பயன்பட்டன. 1948இல் சுப்பாராவ் இறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தக் குடும்பத்து மருந்து ஒன்று மூட்டு வீக்கத்தையும் குறைப்பதாக 1951இல் அறிக்கை வந்தது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டைத் தர அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1988இல் அனுமதித்தது. இன்று உலகம் முழுவதும் இந்த நோய்க்கு முதலில் எழுதப்படும் மருந்து அதுதான்.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் மாத்திரை. தவறுதலாகத் தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை செயலிழந்து, உயிரே போகலாம், போயிருக்கிறது. எந்தக் கிழமை என்பதை அட்டையின்மேல் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ‘புதன் மாத்திரை’ என்று வீட்டில் எல்லாரும் சொல்லும்படி பழக்குங்கள். உடன் தரும் ஃபோலிக் அமிலத்தை வேறு கிழமையில் எடுக்கச் சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள். இந்த மருந்து முழு வேகத்தில் வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஆகவே சீற்றம் வந்த அன்று கூடுதலாக ஒன்று போடுவதால் பலன் ஏதும் இல்லை, கேடு உண்டு. குழந்தை பெற நினைக்கும் பெண்கள் பல வாரங்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லி இதை மாற்றியாக வேண்டும். கோ-ட்ரைமாக்சசோல் என்ற சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி இதோடு சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். சிறுநீர்த்தொற்றுக்கு வேறு மருத்துவரிடம் போனால் ‘நான் மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது வகை வலி மாத்திரைகள். இவை வலியையும் விறைப்பையும் குறைக்கும், எலும்பு அரிப்பைத் தடுக்காது. வேறு வேறு பெயரில் இரண்டு வலி மாத்திரைகளைச் சேர்த்து எடுத்தால் நிவாரணம் இரட்டிப்பாகாது. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கெடுதலும் இரட்டிப்பாகும். மழைக்காலத்தில் காய்ச்சல் சேர்ந்து வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை இவற்றைத் தொடாதீர்கள்.

மூன்றாவது வகை ஸ்டீராய்டு. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் இருந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட வைத்தார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நீண்ட நாள் கொடுத்தால் முகம் உப்பும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், தொற்று எளிதாகப் பிடிக்கும் என்பதும் விரைவிலேயே தெரிந்தது. சீற்றத்தை அடக்கச் சில நாட்களுக்குக் குறைந்த அளவில் மருத்துவர்கள் தருவது இன்றும் உண்டு, அது நல்ல பலன் தரும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் அந்த நாட்களில் மதியத்துக்குப் பின்னும் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏற்றம் அப்போதுதான் தெரியும். மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தவே கூடாது. ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்ததால் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும். மாத்திரையும் நின்றால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்தாகும்.

இதே காரணத்தால் பெயரும் சேர்க்கைப் பட்டியலும் அச்சிடாத பொடிகளிடம் எச்சரிக்கை தேவை. ‘மூன்றே நாளில் வலி பறந்துவிடும்’ என்று பொட்டலத்தில் தரும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. மூன்று நாளில் பறந்தது என்றாலே சந்தேகப்பட வேண்டும்.

உணவும் பத்தியமும்

முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் நல்ல உணவு, விரும்பிச் சாப்பிடலாம். மாத்திரையின் இடத்தில் அவற்றை வைக்க முடியாது. எல்லா நோயாளிக்கும் பொதுவாகச் சீற்றத்தைக் கிளப்பும் உணவு என்று எதுவும் நிறுவப்படவில்லை. குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டால் ஒவ்வொரு முறையும் வலி கூடுகிறது என்று உங்கள் குறிப்பேடு காட்டினால் அதை விடுங்கள். ‘புளி ஆகாது, பருப்பு வாயு, முட்டை சூடு’ என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் புரதம் குறைந்து, நோயால் ஏற்கெனவே மெலிந்த தசை இன்னும் மெலியும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் ஒமேகா-3 கொழுப்பு வீக்கத்துக்குச் சிறிய அளவில் உதவுகிறது. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குச் சுண்ணாம்புச் சத்து முக்கியம்: கேழ்வரகு, பால், கீரை, கொஞ்சம் வெயில்.

வீட்டில் வைத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

சில நிலைமைகளில் ஒத்தடமும் ஓய்வும் நேரத்தை வீணாக்கும். ஒரே ஒரு மூட்டு மட்டும் மற்றவற்றைவிடப் பயங்கரமாகச் சிவந்து வீங்கி, காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் உள்ளே கிருமி புகுந்திருக்கலாம். சில நாட்களிலேயே அது குருத்தெலும்பைக் கரைத்துவிடும். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் தெரியாமலும் போகலாம் என்பதால், காய்ச்சல் இல்லை என்று நிம்மதியடைய வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

புதிதாக வந்த மூச்சுத்திணறல், வறட்டு இருமல், கண் சிவந்து ஆழமாக வலிப்பது, மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு வாய் முழுக்கப் புண், கழுத்து வலியோடு கைகால் மரத்துப் பலம் குறைவது, மலம் கறுத்துப் போவது ஆகியவையும் காத்திருக்க முடியாதவை. டி.என்.எஃப்.பைத் தடுக்கும் ஊசி மருந்துகளை எடுப்பவர்கள் இருமலையும் மாலைக் காய்ச்சலையும் அலட்சியப்படுத்தக் கூடாது. பஞ்சாபின் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் லண்டனில் இந்த வழியைக் கண்டறிந்தது பல்லாயிரம் பேரை எழுந்து நடக்க வைத்தது. உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பும் ஆபத்தும் அந்த மருந்துகளோடு வருகிறது. நம் நாட்டில் அது சிறிய ஆபத்து இல்லை.

தாளில் எழுதி ஒட்டுங்கள்

வலி இல்லாத ஒரு நாளில், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, ஒரு தாளை எடுத்துப் போங்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வாங்குங்கள். வலி ஏறினால் நான் கூடுதலாக எடுக்கக்கூடிய மாத்திரை எது, எவ்வளவு, எத்தனை நாள்? காய்ச்சல் வந்தால் எந்த மருந்தை நிறுத்தி வைக்க வேண்டும், எதை நிறுத்தவே கூடாது? எத்தனை நாளில் தணியாவிட்டால் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். இரவு இரண்டு மணிக்கு விரல் மடங்காமல் உட்கார்ந்திருக்கும்போது யோசித்து முடிவெடுக்க முடியாது, வாசித்துச் செய்ய முடியும்.

பக்கத்தில் ஒரு குறிப்பேடு. தேதி, காலை விறைப்பு எத்தனை நிமிடம், வீங்கிய மூட்டுகள் எத்தனை, விட்டுப்போன மாத்திரை, கூடுதலாகப் போட்ட மாத்திரை. நாளுக்கு ஒரு வரி போதும். மருத்துவரின் அறைக்குள் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நேரம் பார்த்து மூட்டு வீங்கியிருக்காது. “இப்ப பரவாயில்லை டாக்டர்” என்று சொல்லிவிட்டுப் பழைய சீட்டோடு திரும்பிவிடுவோம். இடையில் படுத்த மூன்று வாரம் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அந்த மூன்று வாரம்தான் சிகிச்சையை மாற்ற வேண்டும் என்பதற்கான சான்று. நோயை முழுவதும் அடக்குவது, அல்லது மிகக் குறைந்த அளவில் நிறுத்துவது என்று இலக்கு வைத்து, எட்டும்வரை மருந்தை மாற்றிக்கொண்டே போவது இன்று உலகம் ஏற்றுக்கொண்ட முறை. சில மாதங்களுக்குள் இரண்டாவது முறை சீற்றம் வந்தால், இப்போதைய மருந்து போதவில்லை என்று பெரும்பாலும் பொருள். வீட்டில் அருமையாகச் சமாளித்துவிட்டோம் என்று அதை மறைத்துவிட்டால், நம் திறமையே நம் எலும்புக்கு எதிரியாகிவிடும். குறிப்பேட்டை மேசைமேல் வைத்து, “இது ரெண்டாவது தடவை. மருந்தை மாத்தணுமா?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமை உண்டு.